‘தியா’ விளையாடத் தொடங்குகிறீர்களா? முதல் ஐம்பது டர்னில் ஊர் அழியாமல் இருக்க

என் முதல் கிராமம் 38-வது டர்னில் (டர்ன் என்றால் ஆட்டத்தின் ஒரு சுற்று) அழிந்தது. இரண்டாவது கிராமம் 20-ஐக்கூடத் தாண்டவில்லை. மூன்றாவதில் ஆட்கள் இருந்தார்கள், சாப்பாடும் இருந்தது, விறகு இல்லை. நான்கு வார இறுதிகள் இப்படிப் போன பிறகுதான் ‘தியா: தி அவேக்கனிங்’ என்ற கணினி விளையாட்டு என்னிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பிடிபட்டது. நான் விழுந்த பள்ளங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மூஹா கேம்ஸ் என்ற நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆட்டம் இது. களம் ஸ்லாவிய (போலந்து, ரஷ்யா பக்கத்து) நாட்டார் கதைகளின் உலகம். நெடுங்காலம் இருளில் மூழ்கிக் கிடந்த நாட்டில் இப்போதுதான் வெளிச்சம் லேசாகத் திரும்பியிருக்கிறது. பசிக்கும் பேய்க்கும் ஓநாய்க்கும் நடுவே கிடக்கும் ஒரு சின்ன ஊரைத் தெய்வத்தின் இடத்தில் இருந்து நீங்கள் காப்பாற்ற வேண்டும். அறுகோணக் கட்டங்கள் நிறைந்த வரைபடம், டர்ன் டர்னாக ஆட்டம், சண்டைக்குச் சீட்டு. அவ்வளவுதான். சரி, வேலைக்கு வருவோம்.

1. வாங்கும் முன்

கணினிக்கு ஸ்டீம், ஜிஓஜி என்ற இரண்டு இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆட்டக் கருவிகளுக்கான வடிவங்களும் உண்டு. மின்னஞ்சல், ஒரு ஸ்டீம் கணக்கு, பணம் கட்ட யுபிஐ அல்லது கார்டு, இவை போதும். இந்தியக் கணக்கில் விலை ரூபாயில் வரும். இலங்கைக் கணக்கில் டாலரில் காட்டும், அதனால் வங்கி பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முழு விலை கொடுக்காதீர்கள். பழைய ஆட்டம், தள்ளுபடிக்கு அடிக்கடி வரும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் ஸ்டீமில் பெரிய தள்ளுபடிக் காலம் உண்டு. விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் விலை குறையும்போது மின்னஞ்சல் வந்துவிடும். ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ என்ற கூடுதல் பகுதி இலவசம், அதற்காகத் தனியாகப் பணம் தேட வேண்டாம்.

நான் செய்த முதல் முட்டாள்தனம் இங்கேதான். பாதி விலைக்கு ‘கீ’ (ஆட்டத்தைக் கணக்கில் ஏற்றும் குறியீடு) விற்கும் ஒரு தளத்தில் வாங்கினேன். வேறு நாட்டுக்கான கீ அது, என் கணக்கில் ஏறவே இல்லை. போன காசு போனதுதான். நேராகக் கடையிலேயே வாங்குங்கள்.

இன்னொன்று, பணம் திரும்பப் பெறும் விதி. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். ‘தியா’ மெதுவாகச் சூடேறும் ஆட்டம். திரைகளைப் புரிந்துகொள்வதற்கே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு உட்காருங்கள். அதற்குள் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தமிழில் இந்த ஆட்டம் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும். படிப்பதுதான் பாதி ஆட்டமே. எழுத்தைப் பார்த்தாலே தட்டித் தள்ளிவிடும் பழக்கம் இருந்தால் இது உங்களுக்கானது அல்ல.

முதலாவதா, இரண்டாவதா என்று குழம்புபவர்களுக்கு: ‘தியா 2: தி ஷேட்டரிங்’ 2019-இல் முழுமையாக வந்தது. அதில் ஊர் இல்லாமல் நாடோடியாக அலைவதில் தொடங்கி, விரும்பினால் ஓரிடத்தில் குடியேறலாம். நண்பர்களுடன் சேர்ந்தும் ஆடலாம். ஆனால் ஒரே நேரத்தில் பத்து விஷயங்களைத் தலையில் ஏற்றும். முதல் பாகத்திலேயே தொடங்குங்கள்.

2. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வையுங்கள்

இந்த ஆட்டத்துக்குத் தேவைப்படும் ஒரே ஆவணம் இதுதான். சிரிக்காதீர்கள். நான்கே பத்தி (நெடுவரிசை) போட்டால் போதும்: டர்ன் எண், ஊரில் எத்தனை பேர், உணவு எத்தனை டர்னுக்கு வரும், விறகு எத்தனை டர்னுக்கு வரும். பத்து டர்னுக்கு ஒரு முறை நிரப்புங்கள். என் மூன்றாவது ஊர் ஏன் செத்தது என்று பின்னால் யோசித்தபோது, இந்த நான்கு பத்தி இருந்திருந்தால் பதினைந்து டர்ன் முன்னாலேயே பார்த்திருப்பேன் என்று பட்டது.

வழியில் வரும் கதைச் சந்திப்புகளில் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தீர்கள், என்ன நடந்தது என்பதையும் ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். அதே கதைகள் அடுத்த ஆட்டத்திலும் வரும்.

3. நாடு பிடிக்க வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்

‘சிவிலைசேஷன்’ மாதிரி ஊர் மேல் ஊர் கட்டி நாடு பிடிக்கும் ஆட்டத்தை ஆடிப் பழகியவர்கள்தான் இங்கே சீக்கிரம் சாகிறார்கள். நானும் அப்படித்தான். வரைபடத்தைப் பார்த்ததும் கை தானாக இரண்டாவது ஊர் கட்ட இடம் தேடியது. இரண்டாவது ஊரே கிடையாது. கடைசிவரை ஒரே ஊர்தான். உங்களிடம் இருப்பது படை அல்ல, பெயரும் வயிறும் உள்ள கொஞ்சம் மனிதர்கள். ஒருவர் செத்தால் செத்ததுதான். ஆளைக் காசு கொடுத்து வாங்குவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. குழந்தை பிறந்து வளர வேண்டும், அல்லது வழியில் யாராவது வந்து சேர வேண்டும்.

இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

4. தெய்வத்தையும் கடினத்தையும் தேர்ந்தெடுத்தல்

ஆரம்பத்தில் எல்லாத் தெய்வங்களும் திறந்திருக்காது. ஆட்டம் முடியும்போது, தோற்றாலும்கூட, கிடைக்கும் தெய்வப் புள்ளிகளைக் கொண்டுதான் மற்றவர்களைத் திறக்க முடியும். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் ஒரு சலுகை உண்டு, அது பெரும்பாலும் அந்தத் தெய்வத்தின் இயல்பை ஒட்டியே இருக்கும். ஸ்வரோக் நெருப்புக்கும் கொல்லர் உலைக்கும் உரியவர். மோகோஷ் மண்ணுக்கும் நூல் நூற்கும் பெண்களுக்கும் காவல். வேலெஸ் கால்நடைக்கும் கீழுலகுக்கும் உரியவர். ஜோர்யா விடியல். ஸ்வான்டெவிட் போர்த் தெய்வம். பெயருக்குக் கீழே உள்ள விளக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு எடுங்கள்.

புதியவர்களுக்கு என் ஆலோசனை, சண்டைக்காரத் தெய்வத்தை விட்டுவிடுங்கள். சேகரிப்புக்கோ கைவினைக்கோ உதவும் தெய்வத்தை எடுங்கள். முதல் ஐம்பது டர்னில் ஊரைக் கொல்வது பெரும்பாலும் கத்தி அல்ல, காலியான கிடங்கு.

கடினத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தால் கடைசியில் கிடைக்கும் புள்ளியும் குறையும், போகட்டும். முதல் இரண்டு ஆட்டங்களை எளிதில் வைத்து ஆடுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

5. முதல் டர்ன்: யார் ஊரில், யார் வெளியே

ஆட்டம் தொடங்கும்போது ஊரில் சிலர், வெளியே செல்லும் குழுவில் சிலர் இருப்பார்கள். ஆட்கள் முக்கியமாக மூன்று வகை: சேகரிப்பவர், கைவினைஞர், போர்வீரர். வேடர், வைத்தியர் மாதிரி சிறப்புத் திறன் உள்ளவர்களும் பின்னால் சேர்வார்கள்.

‘டர்ன் முடி’ பொத்தானைத் தொடுவதற்கு முன் ஊர்த் திரையைத் திறந்து சேகரிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளைக் கொடுங்கள். முதலில் உணவு, அடுத்தது விறகு. கைவினைஞருக்கு ஒரு வேலை. சும்மா நிற்கிற ஆளும் சாப்பிடுவார்.

இங்கே பலர் விழும் பொறி ஒன்று உண்டு: வலுவானவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிடுவது. ஊரை எதிரிகள் தாக்கும்போது அங்கே இருப்பவர்கள்தான் எதிர்க்க வேண்டும். மூன்று கைவினைஞரும் ஒரு குழந்தையும் இருக்கும் ஊரை ஓநாய்க் கூட்டம் ஒரே டர்னில் முடித்துவிடும். என் இரண்டாவது ஊர் போனது அப்படித்தான். குறைந்தது ஒரு போர்வீரர் எப்போதும் ஊரில் இருக்கட்டும். சேகரிப்பவர் கையிலும் ஒரு தடியாவது கொடுங்கள்.

குழந்தை வளர்ந்ததும் என்ன தொழில் என்று ஆட்டம் உங்களையே கேட்கும். முதல் பிள்ளை சேகரிப்பவராகட்டும். எனக்கும் போர்வீரர் என்று சொல்லத்தான் ஆசை வந்தது. கையிருப்பைப் பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொண்டேன்.

6. சோறும் விறகும்

ஒவ்வொரு டர்னிலும் உணவு போகும், எரிக்க விறகும் போகும். கணக்கு எளிது. கையிருப்பை ஒரு டர்ன் செலவால் வகுத்தால் உயிர் எத்தனை டர்ன் என்று தெரியும். உதாரணத்துக்கு 200 உணவு இருந்து, டர்னுக்கு 8 போகிறது என்றால் 25 டர்ன். நான் வைத்துக்கொண்ட எல்லை 20. அதற்குக் கீழே இறங்கினால் கைவினை வேலையை நிறுத்திவிட்டு, சேகரிக்கத் தெரிந்த எல்லோரையும் உணவுக்குத் திருப்பிவிடுவேன்.

விறகை யாரும் எண்ணுவதில்லை. அதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: வீடு கட்டவும் மரம், ஆயுதம் செய்யவும் மரம், அடுப்புக்கும் மரம். கட்டடம் ஒன்றைத் தொடங்கியவுடன் அடுப்புக்கு வைத்திருந்ததும் சேர்ந்து போய்விடும். மூன்றாவது ஊரில் எனக்கு நடந்தது இதுதான். கட்டடம் அழகாகத்தான் எழுந்தது. அடுத்த சில டர்னில் எல்லாம் வரிசையாகச் சரிந்தது.

வெளியே போகும் குழுவின் கிடங்கு வேறு, ஊரின் கிடங்கு வேறு. இதை நான்கு முறையாவது மறப்பீர்கள். ஊரில் 300 உணவு இருந்தாலும் குழுவின் மூட்டை காலியானால் அவர்கள் பட்டினிதான். புறப்படும் முன் பொருளை இழுத்து அவர்கள் மூட்டையில் போட வேண்டும். அதேபோல ஊரில் செய்த புது ஈட்டி தானாகப் போர்வீரர் கைக்குப் போகாது. குழு ஊருக்கு வந்து எடுத்து அணிய வேண்டும்.

வழியில் குழுவைக் கூடாரம் போடவைத்தால் அங்கேயே சேகரிக்கலாம், ஏதாவது செய்யவும் செய்யலாம். உணவு குறைந்தால் பதறி ஊருக்கு ஓடுவதைவிட, அருகில் பழமோ வேட்டையோ இருக்கும் கட்டத்தில் மூன்று டர்ன் உட்காருவது நல்லது.

7. வெளியே போவது: மண்டையோடு, இருட்டு, சுமை

வரைபடத்தில் எதிரிக் கூட்டத்தின் மேல் மண்டையோட்டுக் குறிகள் இருக்கும். அதிகம் இருந்தால் அதிக ஆபத்து. முதல் ஐம்பது டர்னில் ஒரு மண்டையோடு இருந்தால் யோசியுங்கள், அதற்கு மேல் இருந்தால் சுற்றிக்கொண்டு போங்கள். ஐந்து மண்டையோட்டுக் குகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆர்வம் எனக்கும் வந்தது. என்ன இருந்தது என்று சொல்லத் திரும்பி வந்தவர் எவரும் இல்லை.

இரவில் பார்வை எல்லை சுருங்கும், ஆபத்தும் கூடும். பகலில் புறப்பட்டு, இருட்டும்போது ஊரிலோ கூடாரத்திலோ இருக்கும்படி தூரத்தைக் கணக்கிடுங்கள். முதல் சில பகல்களில் ஊரைச் சுற்றி வட்டம் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் என்ன கனிமம், எந்த மரம், எங்கே பொந்து என்று தெரிந்தாலே பெரிய லாபம்.

சுமை அடுத்த தொல்லை. கிடைப்பதையெல்லாம் அள்ளினால் குழு நகர முடியாமல் திணறும். கல்லை விடுங்கள், தோலையும் உலோகத்தையும் எடுங்கள், இதுதான் நான் வைத்துக்கொண்ட விதி. சுமக்கத் தெரிந்த வலுவான ஆள் ஒருவர் குழுவில் இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அதற்காக ஊருக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கவும் முடியாது. டர்ன் ஏற ஏற எதிரிகளும் வலுப்பெறுவார்கள். ஐம்பதாவது டர்னில் நல்ல ஆயுதம் இல்லாத ஊர், நூறாவது டர்னைப் பார்ப்பது கடினம்.

8. சீட்டு

புதியவர்கள் பெரும்பாலும் வெறுப்பது இதைத்தான். நான் இப்போது விரும்புவதும் இதைத்தான்.

உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு சீட்டு. சண்டை தொடங்கும்போது அவர்கள் இரண்டு கையாக (சீட்டுக் கட்டாக)ப் பிரிக்கப்படுவார்கள்: நேராக மோதுபவர்கள் ஒன்று, பின்னால் நின்று உதவுபவர்கள் ஒன்று. யார் எந்தப் பக்கம் விழுவார் என்பது உங்கள் கையில் இல்லை. பிறகு நீங்களும் எதிரியும் மாறி மாறிச் சீட்டை வரிசையில் வைக்கிறீர்கள். வைத்து முடித்ததும் இடமிருந்து வலமாக அடி விழத் தொடங்கும். அதனால் யாரை வைக்கிறீர்கள் என்பதோடு எங்கே, எப்போது வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பலவீனமான சேகரிப்பவரை எதிரியின் பெரிய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிறகு வருந்திப் பயன் இல்லை. உதவிக் கையில் இருப்பவர்கள் எதிரியைக் குழப்பலாம், நம் ஆளின் பலத்தைக் கூட்டலாம். அவர்களை அவசரப்பட்டு வீணாக்காதீர்கள்.

எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம். மூன்று வீரர்களைவிட, நடுத்தரமான ஏழு பேர் பல நேரம் நன்றாகத் தாங்குவார்கள்.

எல்லாச் சந்திப்பும் கத்திச் சண்டை அல்ல. அதே கூட்டத்தோடு பேசிப் பார்க்கலாம், பதுங்கி நழுவலாம், வேட்டையாடும் முறையில் மடக்கலாம், அல்லது பேசாமல் விலகிப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு திறன் கணக்கில் வரும். அடிதடியில் சொங்கியான ஒருவர் பேச்சில் புலியாக இருப்பார். புறப்படும் முன் குழுவில் யாருக்கு என்ன திறன் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். விலகிப் போகும் வழி கொடுக்கப்பட்டிருந்தால், சந்தேகம் உள்ளபோது அதை எடுங்கள்.

கணினியே சண்டையை முடித்துத் தரும் வசதியும் உண்டு. எலிக்கூட்டத்துக்கு அது போதும். சமபலம் என்று பட்டால் நீங்களே ஆடுங்கள். நேரம் மிச்சம் என்று தானியங்கியில் விட்டு, என் ஒரே வைத்தியரைப் பறிகொடுத்தேன். அன்று மிச்சமானது இரண்டு நிமிடம்.

9. ஆராய்ச்சிப் புள்ளியை எங்கே போடுவது

புதுப் பொருளையும் ஆயுதத்தையும் கட்டடத்தையும் திறக்கத்தான் ஆராய்ச்சிப் புள்ளி. சேகரிப்பு, கைவினை, கட்டடம் என்று மூன்று பிரிவு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவினால் எதுவும் முளைக்காது. முதலில் ஊரைச் சுற்றி என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் இல்லாத ஒரு பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன், நாற்பது டர்ன். கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு நல்ல பொருளைத் திறங்கள், பிறகு அதைக் கொண்டு செய்யக்கூடிய ஒரு ஆயுதத்தைத் திறங்கள், அப்புறம் கட்டடம்.

ஒரே ஆயுதத்தை எந்தப் பொருளில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் வலு மாறும். கட்டடத்துக்கும் இது பொருந்தும். அதனால் அவசரத்துக்கு மட்ட மரத்தில் கட்டிவிட்டால் பின்னால் வருந்துவீர்கள். கைவினைஞர் கூடினால் வேலை முடியும் டர்ன் குறையும். கருவி கொடுத்தாலும் குறையும், ஆகவே முதல் உலோகத்தில் வாள் அடிக்காமல் கருவி செய்வதுதான் என் பழக்கம். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

10. யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

போலந்திலும் ரஷ்யாவிலும் பாட்டி கதை கேட்டு வளர்ந்தவருக்கு இந்தப் பெயர்கள் அறிமுகம். நமக்கு இல்லை. வருவதையெல்லாம் ‘பேய்’ என்று எடுத்துக்கொண்டு வெட்டினால் நல்ல வாய்ப்புகள் போய்விடும். அந்த ஊர் மரபில் இவர்கள் யார் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆட்டத்தில் எல்லாம் அச்சு அசலாக அப்படியே வராது.

லெஷி காட்டின் எசமான். வழிப்போக்கரைத் திசை தப்பவைப்பார். சட்டையைப் புரட்டிப் போட்டால் வழி தெரியும் என்பார்கள். காட்டை மதிப்பவரிடம் அவருக்குப் பெரிய பகை இல்லை. தொமொவோய் வீட்டின் காவல் ஆவி, அடுப்படியில் குடியிருப்பவர். வீடு மாறும்போது அவரையும் கூப்பிட்டு அழைத்துப் போவார்கள். அவரை அடிப்பது நம் வீட்டையே இடிப்பது மாதிரி. ருசால்கா நீரில் மாண்ட பெண்ணின் ஆவி, அழகைப் பார்த்துக் கிட்டே போகக் கூடாது. ஸ்ட்ரிகா இரட்டைப் பல்வரிசையோடு பிறந்தவள், ஓர் உயிர் போனாலும் இன்னோர் உயிரோடு இரவில் திரிபவள். இவளிடம் பேச்சுக்கு இடம் குறைவு. பாபா யாகா கோழிக்கால் குடிசையில் இருக்கும் கிழவி. விழுங்கவும் செய்வாள், மரியாதையாகக் கேட்டவருக்கு வழியும் காட்டுவாள். அவளிடம் பேசும் இடம் வந்தால் நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

11. ஊர் அழிந்த பிறகு

அழியும். அப்போது கோபத்தில் ஆட்டத்தை மூடிவிடாதீர்கள். கடைசித் திரையைப் பாருங்கள், எத்தனை தெய்வப் புள்ளி சேர்ந்தது என்று அங்கே தெரியும். போதுமானது இருந்தால் புதுத் தெய்வத்தைத் திறங்கள். இல்லாவிட்டால் இருக்கும் தெய்வத்தையே மேலே ஏற்றலாம்.

பிறகு நோட்டை எடுத்து எந்தப் பத்தி முதலில் சுருங்கியது என்று பாருங்கள். ஆட்களா, உணவா, விறகா? எனக்கு இரண்டு முறை விறகு, ஒரு முறை ஆட்கள். நான்காவது ஊர் 50-ஐத் தாண்டி, 112-வது டர்ன் வரை வந்தது. ஐந்தாவதை நேற்றிரவு தொடங்கியிருக்கிறேன். மோகோஷ், எளிது, விறகு 26 டர்னுக்கு.